கரும்பலகையில் நாலு வரி



நீங்கள் எழுத்துக் கற்றுக்கொண்டீர்கள். உங்கள் பெயரை எழுதுகிறீர்கள். கைநாட்டு வைத்த இடத்தில் கையெழுத்துப் போடுகிறீர்கள். மிகவும் நல்லது. இனி என்ன எழுதுவது? இந்தப் பாடம் அதைப் பற்றியது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்கிறேன். நான் ஒரு எழுத்தறிவுத் தொண்டர். எனக்கு வயது 24. பிளஸ் டூ வரை படித்தேன். கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தில் மூணாறு இருக்கிறது. அந்த மலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் நான் பிறந்தேன். இங்கே கொழுந்து எடுப்பவர்களில் நிறையப் பேர் தமிழர்கள். எங்கள் பாட்டன் பூட்டன் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க மலை ஏறி வந்தவர்கள்.

நாங்கள் லயத்தில் குடியிருக்கிறோம். லயம் என்றால் வரிசையாக ஒட்டிக் கட்டிய எஸ்டேட் வீடுகள். எங்கள் லயத்தின் கோடியில் ஒரு காலி அறை இருந்தது. அங்கேதான் நம் மையம் நடந்தது. மாலை 7 மணிக்கு வகுப்பு. 9 பெண்கள், 2 ஆண்கள், மொத்தம் 11 பேர் வந்தார்கள். எல்லோரும் என்னைவிட மூத்தவர்கள். ஆனாலும் என்னை "டீச்சர்" என்று கூப்பிட்டார்கள். கோபம் வந்தால் மட்டும் "ஏ பிள்ளை" என்பார்கள்.

1. என்னத்தை எழுத?

அடிப்படைப் பாடப் புத்தகம் முடிந்தது. எல்லோரும் வாசித்தார்கள். ஒரு நாள் நான் சொன்னேன்:

"நாளைக்குச் சொந்தமாக நாலு வரி எழுதி வாருங்கள்."

மறுநாள் நோட்டுகளைப் பார்த்தேன். 8 நோட்டுகள் வெறுமையாக இருந்தன. 3 பேர் புத்தகத்தில் இருந்த வரிகளையே பார்த்து எழுதியிருந்தார்கள்.

பாக்டரியில் வேலை பார்க்கும் அண்ணன் தலையைச் சொறிந்தார்.

"எழுத என்ன டீச்சர் இருக்கு? விடிஞ்சா வேலை. அடைஞ்சா வீடு. இதைப் போய் யாரு எழுதுவா?"

மேல் லயத்துப் பெரியம்மா சொன்னார்:

"நாங்க எழுதினா தப்பா வரும் தாயி. நீ படிச்ச பிள்ளை. நீ எழுதிப் போடு. நாங்க பார்த்து எழுதுறோம்."

எனக்கு வருத்தமாக இருந்தது. இவர்கள் வேலைக்காட்டில் நாள் முழுவதும் பேசுகிறார்கள். சிரிக்கிறார்கள். சண்டை போடுகிறார்கள். அத்தனையும் பேச்சில் இருக்கிறது. நோட்டில் ஒன்றும் இல்லை. ஏன்?

யோசித்துப் பார்த்தேன். தப்பு என்னிடமும் இருந்தது. நான் அவர்களை எழுதச் சொன்னேன். நான் என்னைப் பற்றி ஒரு வரியும் எழுதிக் காட்டவில்லை.

2. டீச்சர் தப்பான பஸ்ஸில் ஏறினார்

அடுத்த நாள் சனிக்கிழமை. டவுனுக்குப் போனேன். திரும்பும்போது தப்பான பஸ்ஸில் ஏறிவிட்டேன். மாலையில் கரும்பலகையில் இப்படி எழுதினேன்:

*இன்று நான் தப்பான பஸ்ஸில் ஏறினேன்.*
*போர்டு மலையாளத்தில் இருந்தது. எனக்கு அதை வேகமாகப் படிக்க வராது.*
*யாரிடமும் கேட்க வெட்கமாக இருந்தது.*
*3 கிலோமீட்டர் நடந்து வந்தேன். கால் வலிக்கிறது.*

ஒவ்வொருவராக வாசித்தார்கள். முதலில் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"டீச்சருக்கே இப்படியா?" என்றார் பாக்டரி அண்ணன்.

கடைசி வீட்டு அக்கா சொன்னார்: "எனக்கும் ஒரு தடவை இப்படி ஆச்சு. ஆஸ்பத்திரிக்குப் போகணும். கைப்பிள்ளையோட வேற எங்கேயோ போய் இறங்கிட்டேன். அழுகையா வந்துச்சு."

"அதை எழுதுங்கள் அக்கா" என்றேன்.

"இதையா?"

"இதைத்தான்."

அக்கா எழுதினார். நாலு வரி எழுத அரை மணி நேரம் ஆனது. தப்பு நிறைய இருந்தது. ஆனால் அந்த வரிகள் அவருடையவை. வேறு எந்தப் புத்தகத்திலும் அவை இல்லை.

அன்று முதல் தினமும் கரும்பலகையில் நாலு வரி எழுதினேன். அது என் நாளைப் பற்றியது. பிறகு அவர்கள் தங்கள் நாளைப் பற்றி எழுதினார்கள்.

3. நாலு கேள்வி, நாலு வரி

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லையா? இந்த 4 கேள்விகளை நினைவில் வையுங்கள்.

எப்போது நடந்தது?
எங்கே நடந்தது?
என்ன நடந்தது?
எனக்கு என்ன தோன்றியது?

ஒரு கேள்விக்கு ஒரு வரி போதும். எங்கள் வகுப்பில் ஒருவர் எழுதியதைப் பாருங்கள்:

*இன்று காலை 10 மணிக்கு மழை பிடித்தது.*
*நாங்கள் மேல் காட்டில் கொழுந்து எடுத்தோம்.*
*என் காலில் 5 அட்டை கடித்தது. உப்பு போட்டேன்.*
*இந்த மழைக்கு அரை மணி நேரம் ஒதுங்க விட்டிருக்கலாம்.*

முதல் 3 வரிகளும் நடந்த விஷயம். நாலாவது வரி கருத்து. நடந்ததைக் கண்ணால் பார்த்தவர் யாரும் "ஆமாம்" என்பார். கருத்து அப்படி அல்ல. ஒருவர் ஒப்புக்கொள்வார். இன்னொருவர் மறுப்பார். ஆகவே கருத்து எழுதினால், "ஏன் என்றால்" என்று ஒரு காரணமும் எழுத வேண்டும்.

*ஏன் என்றால், மழையில் பாறை வழுக்குகிறது. போன வாரம் ஒருவர் விழுந்துவிட்டார்.*

இப்போது கருத்துக்கு பலம் வந்துவிட்டது அல்லவா?

எழுத்துப் பிழை பற்றி ஒரு வார்த்தை. "கொழுந்து" என்பதைப் பலரும் "கொளுந்து" என்று எழுதினார்கள். "வந்தது" என்பதை "வந்துச்சு" என்று எழுதினார்கள். நான் எழுதும்போது நடுவில் நிறுத்தித் திருத்தவில்லை. முதலில் மனதில் உள்ளது தாளில் இறங்கட்டும். பிறகு உட்கார்ந்து திருத்தலாம். விதையை முளைக்க விட்டுத்தானே களை எடுக்கிறோம்?

4. மடித்துக் கொடுத்த காகிதம்

ஒரு நாள் ஓர் அக்கா காகிதத்தை நாலாக மடித்து என் கையில் கொடுத்தார். "இதை யாருக்கும் வாசிச்சுக் காட்டாதே" என்றார். வீட்டில் நடந்த சண்டையை எழுதியிருந்தார். நான் வாசித்துவிட்டு மடித்தபடியே திருப்பிக் கொடுத்தேன்.

அன்று வகுப்பில் நாங்கள் 3 விதிகள் வைத்தோம்.

எழுதியவர் சம்மதித்தால் மட்டும் மற்றவர்களுக்கு வாசிக்க வேண்டும்.
வகுப்பில் கேட்டதை வெளியே போய்ப் பேசக் கூடாது.
டீச்சர் எழுதிய கருத்தையும் யாரும் மறுக்கலாம்.

மூன்றாவது விதியைச் சொன்னவர் பாக்டரி அண்ணன். "நீங்க மட்டும் சரின்னு ஆயிடக் கூடாது, பாருங்க" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அந்த விதி எனக்கே பாடம் சொல்லும் என்று அன்று தெரியாது.

5. பெரியம்மா எழுதிய பதில்

என் அம்மாவும் கொழுந்து எடுப்பவர். 31 வருடமாக இந்த வேலை பார்க்கிறார். ஒரு நாள் இரவு அம்மாவுக்கு முதுகு வலி. தூங்கவே இல்லை. மறுநாள் நான் கோபத்தோடு எழுதினேன்:

*நேற்று இரவு அம்மா வலியால் தூங்கவில்லை.*
*31 வருடம் சுமந்தது போதும்.*
*அம்மா இந்த வேலையை உடனே விட வேண்டும்.*
*எல்லோரும் இப்படித்தான் செய்ய வேண்டும் என்பது என் கருத்து.*

வகுப்பு அமைதியாக இருந்தது. அன்று யாரும் அதிகம் எழுதவில்லை. பெரியம்மா சீக்கிரமே எழுந்து போய்விட்டார்.

மறுநாள் அவர் ஒரு காகிதம் கொண்டு வந்தார். "இதை எல்லாருக்கும் வாசி" என்றார். நான், "நீங்களே வாசியுங்கள்" என்றேன். அவர் விரல் வைத்து வாசித்தார்:

*டீச்சர் எழுதினது பாதி சரி. முதுகு வலி உண்மை.*
*எனக்கு அடுத்த வருசம் 58 வயசு. வேலை முடியும்.*
*வேலை முடிந்தால் லய வீட்டையும் விடணும். என் வீட்டில் வேறு யாரும் எஸ்டேட் வேலையில் இல்லை.*
*நான் இங்கேதான் பிறந்தேன். எனக்கு வேறு ஊர் கிடையாது. நான் எங்கே போவேன்?*
*வேலையை விடு என்று சொல்வது சுலபம். டீச்சர் வீட்டை யோசிக்கவில்லை.*

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் சொன்னது முழுக்க உண்மை. எங்கள் லயத்தில் வீடு வேலையோடு கட்டிய வீடு. வேலை போனால் வீடும் போகும். லயத்தில் பிறந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் எழுதும்போது நான் அதை நினைக்கவில்லை.

அன்று இரவு வீட்டில் அம்மாவிடம் கேட்டேன்: "வேலையை விட உனக்கு விருப்பமா அம்மா?"

அம்மா சோறு போட்டுக்கொண்டே சொன்னார்: "இத்தனை நாளில் இதை நீ இப்பத்தானே கேக்குற? முதுகு வலிக்கு மருந்து வேணும். குடியிருக்க வீடும் வேணும். ரெண்டும் வேணும்."

மறுநாள் கரும்பலகையில் எழுதினேன்:

*நான் அம்மாவைக் கேட்காமல் அம்மாவைப் பற்றிக் கருத்து எழுதினேன். அது தப்பு.*
*பெரியம்மா சொன்னது சரி.*
*வலிக்கு வைத்தியம் வேண்டும். இருக்க வீடும் வேண்டும்.*
*இதற்கு நாம் என்ன செய்யலாம்?*

நண்பர்களே, டீச்சர் தன் கருத்தைச் சொல்லலாம். சொல்ல வேண்டும். ஆனால் அதுவே முடிவு அல்ல. எதிரில் இருப்பவரும் தன் கருத்தை எழுதினால்தான் அது வகுப்பு. இல்லை என்றால் அது வெறும் உத்தரவு. யாருக்கு ஓட்டுப் போடுவது, எந்தச் சாமியைக் கும்பிடுவது என்பவற்றை மட்டும் நான் கரும்பலகையில் எழுதுவதில்லை. அது அவரவர் சொந்த முடிவு.

6. யார் கேட்பார்கள்?

பெரியம்மாவின் காகிதத்தைக் கேட்டு இன்னும் 3 பேர் "எனக்கும் இதே கவலை" என்றார்கள். "இதையே மனுவாக எழுதிக் கிராம சபையில் கொடுக்கலாமே" என்றேன்.

பெரியம்மா தயங்கினார். "நேத்து எழுத்துப் படிச்சவ நான். என் எழுத்தை யார் கேட்பா?"

அப்போது நான் இரண்டு பெண்களைப் பற்றிச் சொன்னேன்.

1988 மே 5 அன்று நம் நாட்டில் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. கேரளத்தில் ஆயிரக்கணக்கான தொண்டர்கள் வீடு வீடாகப் போனார்கள். 1990-இல் எர்ணாகுளம் நாட்டின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டம் ஆனது. அடுத்து, 1991 ஏப்ரல் 18 அன்று கோழிக்கோட்டில் பெரிய கூட்டம் நடந்தது. "கேரளம் முழு எழுத்தறிவு பெற்றது" என்று அங்கே அறிவித்தவர் ஒரு மந்திரி அல்ல. மலப்புறம் மாவட்டத்துச் சேலக்கோடன் ஆயிஷா என்ற பெண். அவரும் நம்மைப் போல வயது வந்த பிறகு எழுத்துக் கற்றவர்தான்.

இன்னொருவர் கார்த்தியாயனி அம்மா. ஆலப்புழை மாவட்டத்துக்காரர். சின்ன வயதில் அவர் பள்ளிக்கூடம் போகவில்லை. 2018-இல் எழுத்தறிவுத் தேர்வு எழுதினார். அப்போது அவருக்கு வயது 96. நூற்றுக்கு 98 மதிப்பெண் வாங்கினார். மாநிலத்திலேயே முதல் இடம்.

"தொண்ணூத்தாறா!" என்றார் பெரியம்மா. "அப்போ நான் சின்னப் பிள்ளைதான்" என்று சொல்லிச் சிரித்தார்.

எழுத்தறிவு என்றால் எழுதுவது, படிப்பது, கணக்குப் போடுவது மட்டும் இல்லை. தன் குறைக்குக் காரணம் என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். சேர்ந்து நின்று அதை மாற்ற முயல வேண்டும். இதுவும் எழுத்தறிவுதான் என்று அந்த தேசிய இயக்கமே சொன்னது.

7. "எழுதியாச்சு, வாசிக்கிறேன்"

கிராம சபை என்பது நம் வார்டில் ஓட்டு உள்ள எல்லோரும் கூடும் கூட்டம். கேரளத்தில் அது 3 மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். அங்கே யாரும் எழுந்து பேசலாம். மனு கொடுக்கலாம்.

நாங்கள் மனுவைத் தமிழில் எழுதினோம். பாக்டரி அண்ணனின் மகன் அதை மலையாளத்தில் எழுதித் தந்தான். இரண்டையும் சேர்த்து வைத்தோம். மனுவில் 4 பேர் கையெழுத்துப் போட்டார்கள். கைநாட்டு ஒன்றுகூட இல்லை.

கூட்டத்தில் பெரியம்மாவின் முறை வந்தது. அவர் காகிதத்தைப் பிரித்தார். கை நடுங்கியது. முன்னால் இருந்த ஒருவர், "சும்மா வாயில சொல்லுங்க அம்மா. நாங்க எழுதிக்கிறோம்" என்றார்.

பெரியம்மா நிமிர்ந்து பார்த்தார். "எழுதியாச்சு. நான் வாசிக்கிறேன்" என்றார்.

மெதுவாக வாசித்தார். ஒரு சொல்லில் தடுக்கினார். மறுபடி சேர்த்து வாசித்தார். கூட்டம் காத்திருந்தது. "எனக்கு வேறு ஊர் கிடையாது" என்ற வரி வந்தபோது பின்னால் இருந்த பெண்கள் "ஆமா, ஆமா" என்றார்கள்.

மனுவைப் பெற்றுக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். அது மலையாளத்தில் இருந்தது. ஆனால் எண் எல்லோருக்கும் ஒன்றுதானே? ரசீது எண்ணையும் தேதியையும் பெரியம்மா தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

வீடு கிடைத்ததா என்று கேட்பீர்கள். இன்னும் கிடைக்கவில்லை. இரண்டு முறை அந்த எண்ணைச் சொல்லி அலுவலகத்தில் விசாரித்தார். என்ன பதில் வந்தது, எந்தத் தேதியில் வந்தது என்று குறித்து வைத்திருக்கிறார். முன்பு என்றால், "போய்ட்டு அப்புறம் வாங்க" என்றால் வந்துவிடுவார். இப்போது, "அப்புறம் என்றால் எந்தத் தேதி?" என்று கேட்கிறார்.

கடைசி வீட்டு அக்காவும் தினமும் தான் எடுத்த கொழுந்தின் எடையை எழுதி வைக்கிறார். ஒரு மாதம் சம்பளக் கணக்கில் ஒரு நாள் எடை குறைந்திருந்தது. நோட்டைக் காட்டினார். கணக்கு எழுதுபவரும் பார்த்துத் திருத்திக் கொடுத்தார். சண்டை இல்லை. சத்தம் இல்லை. ஒரு வரி எழுத்து, அவ்வளவுதான்.

இப்போது எங்கள் கரும்பலகையில் நடுவில் ஒரு கோடு போட்டிருக்கிறோம். ஒரு பாதி எனக்கு. மறு பாதி அவர்களுக்கு. சில நாள் அவர்களுடைய பாதியில் இடம் போதவில்லை. அப்போது என்னுடைய பாதியிலும் எழுதிவிடுகிறார்கள். நான் ஒன்றும் சொல்வதில்லை.

பேசுவோம்

1. டீச்சர் தன் தப்பை எழுதிக் காட்டியது ஏன் நல்லது? அல்லது அது தேவையில்லையா?
2. பெரியம்மா டீச்சரின் கருத்தை மறுத்தார். நீங்கள் யார் கருத்தையாவது மறுத்தது உண்டா? என்ன காரணம் சொன்னீர்கள்?
3. உங்கள் ஊரில் கிராம சபை எப்போது கூடுகிறது? நீங்கள் போனது உண்டா?

பிரித்துப் பார்ப்போம்

கீழே உள்ளவற்றில் நடந்த விஷயம் எது? கருத்து எது?

1. ரேஷன் கடை காலை 9 மணிக்குத் திறந்தது.
2. ரேஷன் கடையை மாலையிலும் திறந்து வைப்பது நல்லது.
3. என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள்.
4. பெண் பிள்ளைகளைப் பாதியில் படிப்பை நிறுத்தக் கூடாது.

படித்து எழுதுவோம்

கொழுந்து, மழை, வழுக்கியது, கையெழுத்து, கருத்து, காரணம், மனு, ரசீது

சொந்தமாக எழுதுவோம்

இன்று உங்களுக்கு நடந்த ஒன்றை எழுதுங்கள். நாலு வரி போதும். எப்போது, எங்கே, என்ன, எனக்கு என்ன தோன்றியது என்று எழுதுங்கள். கடைசியில் "ஏன் என்றால்" என்று ஒரு காரணம் சேருங்கள்.

பிழை வருமே என்று பயப்பட வேண்டாம். உங்கள் நாள் உங்களுக்குத்தான் தெரியும். அதை உங்களைவிடச் சரியாக வேறு யாரும் எழுத முடியாது.